வலது சக்கரம்

3 பிப்ரவரி, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். வேறு ஒரு காரணமும் இல்லை. மாத்திரை போட்ட பிறகு உடம்பு என்ன செய்கிறது, மனசு என்ன செய்கிறது என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

நான் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கு மரியாதை வரட்டும். பெயர் கோமதிநாயகம். கருங்குளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்தால் என்னிடம்தான் வரும். அது வயிற்றுப்பாடு. ஊரில் என் பேர் அதனால் இல்லை. பங்குனித் தேரில் வலது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் நான். சக்கரம் என் தலைக்கு மேல் உயரம். அது உருண்டு வரும்போதே குனிந்து ஓடி, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி, கையை எடுத்துவிட வேண்டும். தேர் நிற்பதும் திரும்புவதும் அந்தக் கட்டையில்தான். வடம் பிடித்து இழுக்க ஊரே இருக்கிறது. முன்சக்கரத்தில் நின்று நிறுத்துவதற்கு ரெண்டே பேர். வலது நான். இடது செண்பகராமன். அவனைப் பற்றி எழுத இந்த டைரி போதாது.

நோய் என்று ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகத் தூக்கம் கிடையாது. சோறு மண்ணாக இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் புகை. என் வீட்டுக்காரி உலகம்மாள் நம்பவில்லை. அங்கன்வாடி டீச்சர் அவள், நாள் முழுக்க அழுகிற பிள்ளைகளோடு இருக்கிறவள். "எங்க பிள்ளைவளாவது எதுக்கு அழுதோம்னு சொல்லும். நீங்க அதையும் சொல்ல மாட்டேங்கியளே" என்று திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் ஜெசிந்தா என் மகள் வயதுதான் இருப்பார்கள். கடன் இருக்கிறதா, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா, தொழிலில் தகராறா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் எனக்கே வெட்கம். "காரணம் இல்லாமலும் மனச்சோர்வு வரும்யா. சர்க்கரை வாரதுக்கு நம்மகிட்ட காரணம் கேட்டுட்டா வருது?" என்றார்கள். முதல் ரெண்டு வாரம் வயிறு புரட்டும், படபடப்பு வரும், குணம் அதற்குப் பிறகுதான் தெரியும் என்றார்கள். உயிரை விட்டுவிடலாம் என்கிற மாதிரி நினைப்பு வந்தால் எந்த நேரமானாலும் போன் பண்ண வேண்டும். நானாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. இதை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்கள். தேரையே நிறுத்துகிறவனுக்கு எதை எப்போது நிறுத்துவது என்று தெரியாதா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை.

5 பிப்ரவரி

வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. கொட்டாவி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வாடிக்கைக்காரர் மோட்டார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொடர்ந்து கொட்டாவி விட, "நான் பேசினா உமக்குக் கொட்டாவியா வருதோ வே?" என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். அந்த மோட்டாரே ஓட்டை மோட்டார்.

9 பிப்ரவரி

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போல இருக்கிறது, எழுந்தால் நடக்க வேண்டும் போல இருக்கிறது. கடைக்கும் டீக்கடைக்குமாக நடந்தேன். கை நடுங்கிக் காயிலில் சுற்று பிசகிவிட்டது, பிரித்துக் கட்டினேன். நான் பிரித்துக் கட்டுவதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

உலகம்மாள் என்னைக் கேட்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளைக்குப் பாதி மாத்திரை போடச் சொன்னார்களாம். நான் கேட்டால் பாதி மாத்திரைக்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். எதையும் முழுசாகச் செய்துதான் பழக்கம்.

15 பிப்ரவரி

பரவாயில்லை. மறுபடி முழு மாத்திரை. வாய் காய்கிறது, வேர்வை ஆறாகக் கொட்டுகிறது, மற்றபடி பரவாயில்லை. முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கி வழக்கமாகப் போடுகிற மாத்திரையும் போட்டுக்கொண்டேன். முழங்கையில் கன்றிப்போன மாதிரி நீலம் நீலமாகத் திட்டு. எங்கேயாவது இடித்திருக்கும்.

20 பிப்ரவரி

ராத்திரி வீட்டு விஷயம் ஒன்று. எழுத மாட்டேன். படிக்கப் போவது டாக்டரம்மா, பெண்பிள்ளை.

21 பிப்ரவரி

உலகம்மாள் "அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் ஏதாவது குறை சொல்லியிருந்தால் திட்டியாவது இருப்பேன். காலையில் அவள் போட்ட காப்பியில் சீனி கூட என்று சண்டை போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

2 மார்ச்

இன்று இட்லி இட்லியாக இருந்தது. சட்னியில் உப்புக் குறைவு என்று சொன்னேன். உலகம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீங்க உப்புக் குறையுதுன்னு சொல்லி எத்தனை மாசமாச்சு" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

ஷட்டரை முழுசாகத் தூக்கினேன். பாட்டு வேறு முனகினேனாம், எதிர்க்கடைக்காரன் சொல்கிறான்.

10 மார்ச்

டாக்டரம்மா இந்த டைரியைப் படித்தார்கள். முதல் பக்கத்தில் சிரித்தார்கள். முதுகுவலி மாத்திரை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரெண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியுமாம், கையில் நீலம் அதனால்தானாம். "மெடிக்கல்ல எது வாங்கினாலும், சளிக்கு மருந்து வாங்கினாக்கூட, நான் இந்த மாத்திரை போடுதேன்னு சொல்லணும்" என்றார்கள். நம் ஊர் மெடிக்கலில் போய்ச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தேர்நிலை வரைக்கும் செய்தி போய்விடும். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

"இருபதாம் தேதி என்ன?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "இந்த மாத்திரையால நிறையப் பேருக்கு வாரதுதான்யா. வெட்கப்படாம சொன்னா அளவைக் குறைச்சோ, வேற மாத்திரை மாத்தியோ பார்க்கலாம்" என்றார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். உலகம்மாள் வாயைத் திறந்தாள், நான் முறைத்தேன், மூடிக்கொண்டாள்.

இன்னும் ஆறு மாசமாவது விடாமல் போட வேண்டுமாம். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு ஆறு மாசம்?

18 மார்ச்

புளியங்கட்டை வந்து இறங்கியது. நானே இழைத்தேன். வாய்ப்பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்க வேண்டும், அதிகம் சாய்ந்தால் சக்கரம் ஏறிப் போய்விடும், சாய்வே இல்லாவிட்டால் கட்டை தெறித்து ஆளை அடிக்கும். பக்கத்து ஊர்த் தேரில் பிரேக் வைத்திருக்கிறார்கள். லாரிக்குப் பிரேக் வைக்கலாம். அம்மன் வருகிற தேருக்கு மனுஷன்தான் பிரேக். எங்கள் ஊரில் இது வரைக்கும் வலது சக்கரம் பிசகியது கிடையாது, நான் கட்டை பிடித்த பிறகு வடக்குத் தெரு முக்கில் தேர் ஒரே திருப்பில் திரும்பும். போட்டோ பிடிக்க மதுரையிலிருந்து ஆள் வருகிறது.

செண்பகராமன் வந்து கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சாய்வு கொஞ்சம் கூடுதலோ?" என்றான். நேற்று வந்த பயல். இடது சக்கரம் தள்ளாடாமல் போகட்டும் முதலில்.

1 ஏப்ரல், செவ்வாய்

கொடியேற்றம். கட்டைக்காரர்களுக்கும் காப்புக் கட்டியாகிவிட்டது. இனித் தேர் முடிகிற வரைக்கும் படுக்கை மண்டபத்தில், ஒரு வேளைச் சாப்பாடு, அது வீட்டிலிருந்து வரும். பகலில் கடையைத் திறந்துகொள்ளலாம்.

காப்புக் கட்டினவன் உடம்பில் போதை எதுவும் ஏறக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டு. சாராயம், பீடி, புகையிலை எல்லாம் அதில் வரும். தூக்க மாத்திரையும் அதில் சேர்த்தி. ஒரு வருஷம் ஒருத்தன் தூக்க மாத்திரை போட்டான் என்று காப்பை அவிழ்த்து அனுப்பியிருக்கிறார்கள். என்னுடைய மாத்திரை மனசைத் தொடுகிற மாத்திரை. அது போதையில் சேருமா, சேராதா? பெரிய பட்டரிடம் கேட்கலாம். கேட்டால் யாருக்கு என்று கேட்பார். டாக்டரம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் நிறுத்தாதே என்பார்கள். அதனால் ஒருத்தரையும் கேட்கவில்லை. நானே முடிவு பண்ணிவிட்டேன். எனக்குத்தான் குணமாகிவிட்டதே.

மாத்திரையை வீட்டில் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அம்மனுக்கு முன்னால் சுத்தமாக நிற்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

2 ஏப்ரல்

ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா?

4 ஏப்ரல்

கடையில் கரண்ட் கசிகிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போது தலைக்குள் சுளீர் என்று ஒரு அடி. நாக்கு நுனி வரைக்கும் விறுவிறுக்கிறது. மெயினை அணைத்துவிட்டு எர்த் கம்பியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. இருந்தாலும் புது வயர் இழுத்தேன், சுவிட்ச் போர்டை மாற்றினேன், செருப்பு கூட ரப்பர் செருப்பாக மாற்றிக்கொண்டேன். திரும்பவும் சுளீர்.

தெப்பக்குளத்தில் முங்கி எழும்போதும் அடித்தது. குளத்தில் ஏது கரண்ட்?

விரதம். வெறும் வயிறு. அப்படித்தான் இருக்கும்.

5 ஏப்ரல்

கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் உலகம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கடையில் ஒரு பெரியவரிடம், "மோட்டாரை எடுத்துட்டுப் போயிரும், கிணத்துல தூக்கிப் போடும்" என்று கத்திவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எப்ப கிடைக்கும் என்றுதான் கேட்டார்.

மத்தியானம் உலகம்மாள் சாப்பாடு கொண்டுவந்தாள். "மாத்திரை போடுதியளா?" என்றாள். "போடுதேன்" என்றேன். காப்பு கட்டின கையோடு.

6 ஏப்ரல், ஞாயிறு

தேரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து நிலையில் நிறுத்தும் நாள். கொஞ்ச தூரம்தான், வடம் பிடிக்க ஊர் தேவையில்லை, பின்னாலிருந்து தடி போட்டுச் சக்கரத்தை நெம்புகிறவர்களே போதும். நான் கட்டையைக் கொடுத்தபோது சக்கரம் ரெண்டாகத் தெரிந்தது. எதற்கு அடியில் வைப்பது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். செண்பகராமன் தன் பக்கத்தை விட்டுவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். ரெண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். கட்டை நொறுங்கிப்போயிற்று.

"அண்ணாச்சி, என்னாச்சு உங்களுக்கு?"

"என்ன ஆகணும்? உன்னைய எவன்ல இந்தப் பக்கம் வரச் சொன்னான்?"

அவசரக்காரப் பயல். கட்டையில் உள்வெடிப்பு இருந்திருக்கிறது, அதனால் நொறுங்கியது. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். வேறு கட்டை இழைக்க வேண்டும்.

7 ஏப்ரல்

காலையில் அச்சுக்கு எண்ணெய் விட்டுவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டையைக் கொடுத்தபிறகு கையை எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது.

கோபத்தில் வந்த நினைப்பு இல்லை. பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்து மெதுவாகச் சொன்ன மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. என் கை பிசகினால் போவது நான் மட்டும் இல்லை. வலது தட்டிப்போனால் தேர் தெருவோரம் திரும்பும். அங்கேதான் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோரும் நிற்பார்கள். உலகம்மாளும் அங்கேதான் நிற்பாள், அங்கன்வாடிப் பிள்ளைகளோடு.

8 ஏப்ரல்

மண்டபத்தில் எல்லோரும் குளத்துக்குப் போயிருந்த நேரம் உலகம்மாள் சாப்பாட்டோடு வந்தாள். இலையைப் போட்டாள். நான் சொல்லிவிட்டேன். மாத்திரை நிறுத்தியதை முதலில் சொன்னேன், பிறகு பொய் சொன்னதை. நேற்று வந்த நினைப்பைக் கடைசியாகச் சொன்னேன். அவள் கையில் சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றது. அழுவாள் என்று பயந்தேன். கரண்டியை வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், போனை எடுத்தாள்.

டாக்டரம்மா என்னிடமே பேசினார்கள். தலைக்குள் சுளீர் என்று அடித்தது, கண் சுற்றியது, அழுகை, எரிச்சல், அந்த நினைப்பு எல்லாமே திடீரென்று நிறுத்தியதால் வருவதுதான் என்றார்கள். கடையில் வயரிங்கை மாற்றினேன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

"மாத்திரையை இப்பவே போடுங்க. இன்னைக்குத் தனியா இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போயிருங்க. வெள்ளிக்கிழமை என்னை வந்து பாருங்க. அந்த நினைப்பு மறுபடி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்திரணும்."

"நாளைக்குத் தேரு டாக்டர்."

"தேருக்குப் போங்க. சக்கரத்துக்கிட்ட போகக் கூடாது."

"விரதம் டாக்டர். போதை ஏறக்கூடாதுன்னு கட்டு."

"ஐயா, இது போதை இல்ல, மருந்து. உங்க ஆள்கள்ல சர்க்கரைக்கு ஊசி போடுதவங்க இல்லையா? காப்புக் கட்டினதும் ஊசியை நிறுத்திட்டாங்களா?"

தடி போடுகிறவர்களில் ரெண்டு பேர் ஊசி போடுகிறார்கள். மண்டபத்திலேயே, எல்லோர் முன்னாலும், வேட்டியை விலக்கிப் போடுகிறார்கள். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

உலகம்மாள் மாத்திரையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அப்படியானால் முன்னமே தெரியும் அவளுக்கு. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அலமாரியைத் தூசி தட்டுதவ நான்தான?" என்றாள். இலைக்கு முன்னாலேயே விழுங்கினேன்.

பிறகு சண்டை. ஒரு மாத்திரை போட்டாயிற்று, நாளைக்குள் சரியாகிவிடும், சக்கரத்தை விடமாட்டேன் என்றேன். இருபது வருஷம் போட்ட கை. "என் தாலியை வாங்கிட்டுத் தலையில பரிவட்டம் கட்டிக்கிடப் போறியளா?" என்று கேட்டாள். மண்டபமே எதிரொலித்தது.

அவளே இறங்கிவந்து, "காய்ச்சல்னு சொல்லிருவோம். ஒருத்தரும் ஒண்ணும் கேட்க மாட்டாக" என்றாள். அதுதான் என்னைச் சுட்டது. காய்ச்சலுக்குச் சக்கரத்தை விட்டான் கோமதிநாயகம் என்று ஊர் பேசுவதா? விட்டால் உண்மையான காரணத்துக்கு விடுவேன். அதையும் ஊர் முன்னால் சொல்லிவிட்டு விடுவேன்.

"அதுக்குத் தைரியம் இருக்கா?" என்றாள்.

"யாரைப் பார்த்து என்ன கேள்வி?" என்றேன். கையை இலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு அசதி, விடியலில் வந்துவிடுகிறேன் என்று மட்டும் ஆட்களிடம் சொல்லி அனுப்பினேன்.

9 ஏப்ரல், புதன், தேர்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் தேரடியில் கட்டைக்காரர்கள் வரிசையாக நின்றோம். முன்னால் பெரிய பட்டர், பரிவட்டத் தட்டோடு. வடம் நீட்டிப் போட்டாகிவிட்டது, தெரு முழுக்கத் தலை. வருஷா வருஷம் நடக்கிறதுதான். கட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவனிடம் பட்டர் மூன்று கேள்வி கேட்பார். கண்ணு நிக்குதா, காலு நிக்குதா, மனசு நிக்குதா. ஒவ்வொன்றுக்கும் "நிக்குது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மேளம் முழங்கும், பரிவட்டம் கட்டுவார். பதில் என்ன என்று அவரும் காதில் வாங்குவது கிடையாது, நாங்களும் யோசித்துச் சொல்வது கிடையாது.

முதலில் வலது. கட்டையைத் தொட்டேன்.

"கண்ணு நிக்குதா?"

"நிக்கல."

மேளக்காரன் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தினான். பட்டர் பரிவட்டத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன கோமதிநாயகம்?"

"கண்ணு நிக்கல சாமி. மனசும் நிக்கல. மனச்சோர்வுக்கு மாத்திரை போட்டுட்டு இருந்தேன். காப்புக் கட்டினதும் போதைன்னு நானா நினைச்சு நிறுத்திட்டேன். அப்படி நிறுத்தக் கூடாதாம். நேத்துத்தான் திரும்பப் போட்டிருக்கேன். அன்னைக்குக் கட்டை நொறுங்கினது கட்டை மேல குத்தமில்ல, என் கண்ணுல குத்தம். இந்த வருஷம் நான் சக்கரத்தைத் தொடக் கூடாது."

மொத்தத்தையும் உரக்கச் சொன்னேன். மென்று விழுங்கிச் சொல்வது என்னிடம் கிடையாது. முன்வரிசையில் யாரோ, "கிறுக்கு மாத்திரையா?" என்றான். ஒரு சிரிப்பு கேட்டது.

"எவம்ல அது?" என்று திரும்பினேன். உலகம் பின்தங்கித்தான் வந்தது, இருந்தாலும் திரும்பினேன். "சிரிக்கவன் முன்னால வா. வலது சக்கரத்துக்கு இந்தா கட்டை. வாறியா?"

ஒருத்தனும் வரவில்லை.

கோயில் ஆபீசர், "நேத்தே சொல்லியிருக்கலாமே நீங்க" என்று வேர்வையைத் துடைத்தார். நேற்று எனக்கு நேற்றைய தைரியம்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்தது யார் என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வலதுக்கு ஆள் சொல்ல வேண்டியது வலதுக்காரன். இடதுக்கு வேலாயுதத்தை வரச் சொன்னேன், பின்சக்கரத்தில் பழகின கை. வலதுக்கு ஒரே ஒருத்தன்தான் இருக்கிறான் என்பது எனக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. சொன்னேன்.

"செண்பகராமா, வா இங்க."

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. கட்டையைத் தொட்டான். கண்ணு நிக்குதா, நிக்குது. காலு நிக்குதா, நிக்குது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் தாமதித்துச் சொன்னான். பட்டர் என் தலைக்கு வந்த பரிவட்டத்தை அவன் தலையில் கட்டினார். அதை நான் நின்று பார்த்தேன். யாராவது பார்த்தீர்களா, நான் குனியவில்லை.

உலகம்மாள் வடத்துப் பக்கம் நின்றாள். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். போய் அவள் பக்கத்தில் நின்று வடத்தைப் பிடித்தேன். இருபது வருஷத்தில் தேரன்று நான் பார்த்ததெல்லாம் சக்கரம், மண், என் கை. அம்மன் தேரில் எந்தப் பட்டு உடுத்தியிருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. இன்று நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் பட்டு, எலுமிச்சை மாலை, வெயில் முகத்தில் நேராக விழுந்தது. நான் தேம்பினேன். வார்னிஷ் புகை எதுவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு" என்று உலகம்மாள் பக்கத்தில் வடம் பிடித்த பொம்பளைகளிடம் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். வலது சக்கரக்காரரின் சம்சாரம் என்று அவளை ஊர் சொல்லும், அவள் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டது கிடையாது. இன்று எதற்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

வடக்குத் தெரு முக்கு. வடத்தை இழுக்க மறந்து பின்னால் பார்த்துக்கொண்டே நின்றேன். செண்பகராமன் கட்டையைக் கொடுத்தான். தேர் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரே திருப்பில் திரும்பியது. நன்றாகத்தான் போட்டான். ஒரு தடவை எழுதிவிட்டேன், போதும்.

11 ஏப்ரல்

டாக்டரம்மாவைப் பார்த்தோம். சுளீர் அடி குறைந்துவிட்டது. அந்த நினைப்பு வரவில்லை. இனி நிறுத்துவதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, அவர்கள் சொல்கிறபடி, மாசக்கணக்கில். இருபதாம் தேதி விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். ஊர் மெடிக்கலிலேயே வாங்கினேன்.

12 ஏப்ரல், சனி

கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன், செண்பகராமன் வந்தான். பரிவட்டம் கட்டின மிதப்பில் வருகிறான் என்று நினைத்து, "என்னல, வலதுக்காரரே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அந்த டாக்டரம்மா எங்க இருக்காவ?"

"யாருக்குல?"

"எனக்குத்தான். ரொம்ப நாளா உறக்கம் இல்ல. சும்மா சும்மா அழுகையா வருது. மனசு நிக்குதான்னு பட்டர் கேட்டாரே, நிக்குதுன்னு பொய்தான் சொன்னேன். உங்களை மாதிரி சொல்ல எனக்கு வாய் வரல."

என் தலை சுற்றியது, இது மாத்திரையால் இல்லை. வடக்குத் தெரு முக்கும், ஓரத்தில் நின்ற பிள்ளைகளும் கண் முன்னால் வந்தார்கள். "அறிவிருக்கால உனக்கு? எத்தனை உசுருல!" என்று கையை ஓங்கிவிட்டேன். அவன் தலையைத் தூக்காமல் அடிவாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் ஓங்கின கையை அங்கேயே வைத்தேன்.

ஷட்டரை இறக்கினேன். திருநெல்வேலி பஸ்ஸில் சன்னலோரம் அவனை உட்காரவைத்து, வழி முழுக்கப் பாடம் நடத்தினேன். முதலில் வயிறு புரட்டும், பயப்படாதே. உட்கார முடியாது, நட. முதுகுவலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதே. கன்னாபின்னா என்று நினைப்பு வந்தால் எனக்குப் போன் பண்ணு, பெண்டாட்டியிடம் சொல்லு, மறைக்காதே. வீட்டு விஷயத்தில் ஏதாவது என்றால் வெட்கப்படாமல் வாயைத் திற. முக்கியமாக, நீயாக நிறுத்தினாய் என்றால் காலை ஒடித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இந்த ஊரில் இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்கள்.

"என்னய்யா, நேத்துத்தான வந்தீங்க? என்ன ஆச்சு? இவர் யாரு?"

எழுந்து நின்றேன். அவன் முதுகில் கை வைத்தேன்.

"எங்க ஊரு வலது சக்கரம் டாக்டர்."

செண்பகராமன் திரும்பி என்னைப் பார்த்தான். "என்ன பார்வை? ஏல, உள்ள போ" என்றேன்.